மூளைக்குப் பரவிய புற்றுநோய்: குறிவைத்த கதிர் சிகிச்சைக்குக் கொழும்பில் தயாராவது எப்படி?

மூளைக்குப் பரவிய கட்டிக்கு ரேடியோசர்ஜரி, அதாவது குறிவைத்த கதிர் சிகிச்சை, செய்யலாம் என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எந்த நாள்?" என்றுதான். மெசினில் படுக்கும் நாள் உண்மையில் இருப்பதிலேயே சுலபமான நாள். குடும்பங்கள் தடுக்கி விழுவது அதற்கு முந்திய இரண்டு வாரங்களிலும் பிந்திய மாதங்களிலும். காலம் கடந்த எம்.ஆர்.ஐ., முகத்துக்குப் பொருந்தாமல் போன மாஸ்க், சொல்லாமல் நிறுத்திய ஸ்டீராய்ட் மாத்திரை. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்ததில் திரும்பத் திரும்பக் கண்டவை இவைதான்.

இது நோயாளியோடு கூடப் போகிறவருக்கு எழுதியது. மருந்தின் அளவையும் சிகிச்சையின் வகையையும் தீர்மானிப்பது உங்கள் டொக்டர். எதை எந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும் என்பதுதான் இங்கே விஷயம்.

1. எந்தச் சிகிச்சை, ஏன் என்று முதலில் கேளுங்கள்

பெயரில் சர்ஜரி இருந்தாலும் இதில் கத்தி இல்லை. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் போய்ச் சந்திக்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனியே பலவீனமானது. சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு கூடுகிறது. அதனால் ஒரே நாளிலோ, மூன்று முதல் ஐந்து நாட்களிலோ வேலை முடிகிறது. தலை முழுவதற்கும் கரண்ட் பிடிப்பது, அதாவது மூளை முழுவதற்கும் கதிர் கொடுப்பது, வேறு. அது பெரும்பாலும் 10 நாட்களில் 30 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). நல்ல மூளைக்கும் அதே அளவு போகும், ஞாபகசக்தியில் அதன் பாதிப்பு கூடுதலாகத் தெரியும். கட்டிகள் சிலவே இருந்தால் குறிவைத்த முறையை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை கட்டி, பெரியது எத்தனை சென்ரிமீட்டர், எந்த இடத்தில், உடம்பின் மற்ற இடங்களில் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. எண்ணிக்கையைக் கேட்டு மட்டும் மனம் உடைய வேண்டாம். 2014 இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில், 5 முதல் 10 கட்டிகள் உள்ளவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உயிர்வாழ்ந்த காலம், 2 முதல் 4 கட்டிகள் உள்ளவர்களுடையதைவிடக் குறையவில்லை. ஆனால் சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோய் என்றாலோ, மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு நோய் பரவியிருந்தாலோ பொதுவாக வேறு வழியைத்தான் எடுப்பார்கள். அப்படிச் சொன்னால் "எங்களை ஒதுக்குகிறார்கள்" என்று நினைக்காதீர்கள்.

கட்டி 3, 4 சென்ரிமீட்டருக்கு மேல் வளர்ந்து மூளையை அழுத்தினால் முதலில் சத்திரசிகிச்சை வரலாம். இங்கே ஒரு பெரிய பிழை நடக்கிறது. "கட்டியை எடுத்தாயிற்று, இனி ரேடியேஷன் எதற்கு?" என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். எடுத்த குழிக்குக் கதிர் கொடுக்காமல் விட்டால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் திரும்புகிறது. தையல் ஆறியதும் சில வாரங்களுக்குள் குழிக்கான சிகிச்சை தொடங்க வேண்டும். வார்டை விட்டு வெளிக்கிட முன்பே ஒன்கொலஜி (புற்றுநோய்) கிளினிக் திகதியைக் கேட்டு வாங்குங்கள்.

நுரையீரல் புற்றுநோய் என்றால் இன்னொரு கேள்வி: இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? அவற்றுக்குரிய சில மாத்திரைகள் மூளைக்குள்ளும் வேலை செய்யும். கதிரை எப்போது கொடுப்பது என்பதையே அந்த முடிவு மாற்றிவிடலாம்.

2. கடதாசிகளை ஒரே கோப்பில் சேருங்கள்

சத்திரசிகிச்சை நிபுணர் ஓரிடம், புற்றுநோய் நிபுணர் இன்னோரிடம், ஸ்கேன் எடுத்தது மூன்றாமிடம். இவர்களுக்கிடையில் தகவலைக் கொண்டு போகும் தபால்காரர் நீங்கள்தான்.

வேண்டியவை: ஒவ்வொரு வார்டிலிருந்தும் கிடைத்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, பயொப்சி ரிப்போர்ட், உடம்பு ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல், முன்பு எங்காவது ரேடியேஷன் எடுத்திருந்தால் அதன் விவரம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பு போன அளவு தெரியாமல் புதிய அளவைப் பாதுகாப்பாகப் போட முடியாது.

எம்.ஆர்.ஐ.யின் பெரிய கறுப்புப் பிலிமைச் சுருட்டிக் கட்டி நைட்மெயிலில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வருவார்கள். திட்டமிடும் கணினிக்கு அது உதவாது. இறுவட்டில் (சி.டி.யில்) உள்ள டைகொம் எனப்படும் கணினிப் படக் கோப்புத்தான் வேண்டும். ஸ்கேன் எடுத்த கவுண்டரிலேயே இறுவட்டைக் கேட்டு வாங்கி, அது திறக்கிறதா என்று அங்கேயே ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். வெறும் இறுவட்டோடு வந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

மருந்துப் பட்டியலில் கசாயம், சூரணம், மூலிகைக் குளிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். சிலது ஈரலைப் பாதிக்கும், சிலது மற்ற மருந்துகளோடு மோதும்.

3. ஸ்டீராய்டைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள்

கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் கொடுப்பார்கள். பல பேருக்கு இரண்டு மூன்று நாளில் தலையிடி குறைந்து, இழுத்து நடந்த கால் நேராகிவிடும். அதைப் பார்த்து "வருத்தம் சுகம்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தப் பயணம் முழுவதிலும் நான் மிகவும் பயப்படும் பிழை. குறைந்தது வீக்கம், கட்டி அப்படியே இருக்கிறது. அதோடு, சில வாரம் இந்த மருந்து எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்ட் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழலாம். டொக்டர் எழுதித்தரும் அட்டவணைப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அளவை "எத்தனை மாத்திரை" என்று ஞாபகம் வைக்காதீர்கள். 0.5 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு, 4 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. ஆஸ்பத்திரி ஃபார்மசியில் ஒன்று கிடைத்து, அது முடிந்ததும் வெளிக்கடையில் மற்றதை வாங்கினால், "ஒரு மாத்திரை" என்ற கணக்கு எட்டு மடங்கு மாறிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கொப்பியில் எழுதுங்கள். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரண்டு வேளை என்றால் காலையும் மதியமும் போடலாமா என்று கேளுங்கள். பின்னேரம் போட்டால் இரவு நித்திரை வராது. நோயாளி விழித்திருந்தால் வீடும் விழித்திருக்கும். வயிற்றுப் புண் வராமல் இருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவருக்கு இரத்தச் சீனி சட்டென்று ஏறும். அது இல்லாதவருக்கும் ஏறலாம். குளுக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது பாருங்கள், முக்கியமாகப் பின்னேரத்தில். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் சரியாக இருப்பது போல் காட்டும். வாயில் வெள்ளைப் படலமோ, கதிரையிலிருந்து எழும்பத் தொடையில் பலமில்லாமலோ இருந்தால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். இரண்டும் இந்த மருந்தால் வரக்கூடியவை.

4. எம்.ஆர்.ஐ. திகதியைச் சிகிச்சைத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நோயைக் கண்டுபிடித்த எம்.ஆர்.ஐ. வேறு, குறிவைக்க எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு. முன்னதில் துண்டுகள் தடிப்பாக, இடையில் இடைவெளி விட்டு இருக்கும். 3 மில்லிமீட்டர் கட்டி அந்த இடைவெளிக்குள் ஒளிந்துவிடும். குறிவைக்க வேண்டியது, கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்தை ஏற்றி, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பில், இடைவெளி இல்லாமல், முழுத் தலைக்கும் எடுத்த முப்பரிமாணப் படம். இந்த விவரத்தை ஒன்கொலஜிஸ்ட் கையால் எழுதித்தரச் சொல்லி, ஸ்கேனுக்குப் பதியும்போது காட்டுங்கள். "பிரெயின் எம்.ஆர்.ஐ." என்று மட்டும் எழுதிய துண்டோடு போனால் வழக்கமான படத்தைத்தான் எடுப்பார்கள். பிறகு இரண்டாம் முறையும் காசு கட்ட வேண்டும்.

படம் புதிதாகவும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முந்திய ஒன்று, இரண்டு வாரத்துக்குள் எடுத்திருந்தால் நல்லது. கட்டி வளரும், ஸ்டீராய்டால் வீக்கம் வற்றும், குழி சுருங்கும். ஒரு மாதம் பழைய படத்தை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்க முடியாது. ஆகவே சிகிச்சைக்குத் தோராயமான திகதி கிடைத்த பிறகே எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டுங்கள். "எதற்கும் முதலே எடுத்து வைப்போம்" என்ற நல்லெண்ணம் இங்கே வீண் செலவு.

போகுமுன் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பார்த்திருக்க வேண்டும், கான்ட்ராஸ்ட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால். பேஸ்மேக்கர், பழைய உலோகக் கிளிப், கண்ணில் இரும்புத்தூள் பட்ட வரலாறு எல்லாவற்றையும் பதியும்போதே சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு சின்ன விஷயம். வருடக் கணக்காகக் கழற்றாத மூக்குத்தி ஸ்கேன் அறை வாசலில் வைத்துக் கழராது. சவர்க்காரம் போட்டு, நூல் போட்டு, மூக்கு வீங்கி, கடைசியில் முறை தவறிப்போகும். முதல் நாளே செட்டியார் தெருவிலோ ஊரிலோ ஒரு பத்தரிடம் தளர்த்திக்கொண்டு வாருங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் தாலியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு வரலாம். பொன்தானே என்று தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டு வர வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள்.

5. மாஸ்க் செய்யும் நாளில் முகம் எப்படியோ, சிகிச்சை நாளிலும் அப்படியே

துளைகள் உள்ள பிளாஸ்டிக் தகடொன்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாக்கி முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடங்களில் ஆறி இறுகிவிடும். மூச்சுவிடத் தடையில்லை. அதை மேசையோடு பூட்டி சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், அந்தப் படத்தின் மேல்தான் எம்.ஆர்.ஐ.யைப் பொருத்துகிறார்கள். காமா நைஃப் என்ற ரேடியோசர்ஜரி மெசின் உள்ள சில நிலையங்களில் மாஸ்க்குக்குப் பதிலாக, தோலை மரத்துப்போகச் செய்து மண்டையில் உலோகச் சட்டம் பூட்டுவார்கள். அப்படியென்றால் பெரும்பாலும் எல்லா வேலையும் ஒரே நாளில் முடியும்.

மாஸ்க்கின் வேலை தலையை அசையாமல் வைப்பது. ஆகவே முகத்தின் அளவு மாறக் கூடாது. முடி வெட்டுவது, தாடி வழிப்பது என்றால் அதற்கு முதல் நாளே செய்துவிடுங்கள், பிறகு தொடாதீர்கள். கொண்டை, தடித்த பின்னல் வேண்டாம். நல்லெண்ணெய் தேங்காயெண்ணெய் எதுவும் தலையில் வேண்டாம். பொய்ப்பல் போட்டுக்கொண்டு மாஸ்க் செய்தால் சிகிச்சைக்கும் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத இடைஞ்சல் ஸ்டீராய்டால் வருகிறது. இரண்டு மூன்று வாரம் போனால் கன்னம் ஊதும். மாஸ்க் செய்து அதிக நாள் தள்ளிப்போனால் அதைப் பூட்டவே முடியாமல் போகலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திகதி தள்ளிப்போகிறது என்று அழைப்பு வந்தால், "மாஸ்க்கும் எம்.ஆர்.ஐ.யும் அதுவரை சரிவருமா?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

மூடிய இடத்துக்குப் பயப்படுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பதற்றம் குறைக்க ஒரு மாத்திரை தரலாம். சிங்களம் தெரியாத பெரியவர்களுக்கு மூன்று சொற்களை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்: ஹெல்லென்ன எபா என்றால் அசைய வேண்டாம், ரிதெனவாத என்றால் நோகிறதா, இவரய் என்றால் முடிந்தது. ஒலிபெருக்கியில் வரும் குரல் புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வெளியூர் ஆட்கள் மாஸ்க்கையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்த நாட்களில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கோட்டையில் இறங்குபவர்களுக்கு மஹரகமவுக்கு புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் உண்டு. ஆனால் வலிப்பு வந்த ஆளை நெரிசல் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். வெள்ளவத்தையில் உறவு வீடு இருந்தாலும், காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் முதல் நாள் மஹரகமப் பக்கம் ஒரு அறை எடுப்பது நல்லது.

6. காத்திருக்கும் நாட்கள்

மாஸ்க் செய்த பிறகு சில நாட்கள் அழைப்பே வராது. மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. டொக்டர் ஒவ்வொரு துண்டிலும் கட்டியின் ஓரத்தையும் கண் நரம்பு, மூளைத்தண்டு போன்றவற்றையும் வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர் கதிர்ப் பாதைகளைக் கணக்கிட்டு மெசினில் சரிபார்க்கிறார்.

ஒரே தடவையில் கொடுப்பதென்றால் 2 சென்ரிமீட்டர் வரையான கட்டிக்கு 20 முதல் 24 கிரே, 3 வரை 18, 4 வரை 15 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பெரிய கட்டிக்குக் குறைந்த அளவா என்று ஆச்சரியப்பட வேண்டாம். கட்டி பெருக்கப் பெருக்க அதைச் சுற்றிக் கதிர்படும் நல்ல மூளையும் கூடுகிறது. அதனால்தான் பெரியவற்றை 3 நாளில் 27 கிரே, 5 நாளில் 30 கிரே என்று பிரித்தும் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு நாள், உங்களுக்கு ஐந்து நாள் என்றால் உங்கள் நோய் மோசம் என்று பொருள் இல்லை.

இந்த நாட்களில் கேட்க வேண்டியது ஒன்று: கீமோவோ, மரபணு முடிவைப் பார்த்துக் கொடுக்கும் இலக்கு மாத்திரையோ போய்க்கொண்டிருந்தால் எதை, எத்தனை நாள் நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கும் திகதியையும் எழுதி வாங்குங்கள். நிறுத்திவிட்டுத் தொடங்காமலே இருப்பவர்கள் உண்டு.

7. இந்தியா போவதென்றால்

சென்னை அப்பல்லோவில் சைபர்நைஃப், பெங்களூரு நிம்ஹான்ஸில் காமா நைஃப் இருப்பதால் பலர் அங்கே போக நினைப்பார்கள். குறிவைக்கும் துல்லியத்தில், லீனியர் அக்சலரேட்டர் என்ற வழக்கமான கதிர் மெசினும் நல்லதாக இருந்தால் பின்தங்கியதில்லை. மெசினின் பெயரைவிட, அந்த நிலையம் இந்த வேலையை அடிக்கடி செய்கிறதா என்பது முக்கியம். முதலில் கொழும்பிலேயே கேளுங்கள். போகத்தான் வேண்டுமென்றால், மூளையில் வீக்கம் உள்ளவர் பறக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு, ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் கைப்பையில் வையுங்கள். திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தையும் இறுவட்டையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். பின்தொடர்ந்து பார்க்கப்போவது கொழும்பு டொக்டர்தான்.

செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

8. சிகிச்சை நாள்

வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, வழக்கம்போல் காலைச் சாப்பாடும் மருந்துகளும். மாஸ்க்கைப் பூட்டி, ஒரு சிறு ஸ்கேனால் இடத்தைச் சரிபார்த்து, ஆட்கள் வெளியே போய்விடுவார்கள். கமெராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். லீனியர் அக்சலரேட்டரில் பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், காமா நைஃபில் கூட எடுக்கலாம். நோவும் இல்லை, சூடும் இல்லை. உள்ளே போகுமுன் சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

வெளியே வந்தவர் உடம்பில் கதிர் தங்கியிருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே கோப்பையில் பிளேன்டீ குடிக்கலாம். மோட்டார் சைக்கிளை மட்டும் டொக்டர் அனுமதிக்கும் வரை தொட விடாதீர்கள்.

9. முதல் சில வாரங்கள்

இரண்டு மூன்று நாள் தலையிடி, வயிற்றுப் பிரட்டல், பிறகு சில வாரம் களைப்பு வரலாம். கட்டி மண்டையோட்டுக்குப் பக்கத்தில் என்றால் அந்த இடத்தில் கொஞ்சம் முடி உதிரலாம். இவற்றை வீட்டில் இருந்தே சமாளிக்கலாம்.

தலையிடியோடு விடாத வாந்தி, தட்டி எழுப்பினாலும் மயக்கம், ஒரு பக்கக் கை கால் திடீரெனப் பலமிழப்பது, வலிப்பு, கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். திறப்புக் கோர்வையையோ இரும்பையோ கையில் திணிப்பதால் பயனில்லை. வாயில் கரண்டி வைப்பது ஆபத்து. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, ஒன்று நின்று அடுத்தது வந்தாலோ, முதல் தடவையாக வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

ஸ்டீராய்டைக் குறைக்கும் அட்டவணையைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். குறைக்கும்போது பழைய தலையிடி திரும்பினால் நீங்களாகக் கூட்டாமல் டொக்டரிடம் பேசுங்கள்.

10. அடுத்தடுத்த எம்.ஆர்.ஐ.கள்

குறிவைத்த கட்டி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இந்தச் சிகிச்சை மூளையின் மற்ற இடங்களைக் காப்பதில்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் வேறிடத்தில் புதிய கட்டி தெரிகிறது. அதனால்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று தவறவிடாதீர்கள். புதியது சின்னதாக இருக்கும்போது கண்டால் மறுபடி குறிவைக்கலாம். தலையிடி வரும்வரை காத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடலாம்.

முடிந்தால் அதே இடத்தில், அதே மெசினில் எடுங்கள். பழைய இறுவட்டுகளையும், எந்தக் கட்டிக்கு எந்தத் திகதியில் எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தையும் கவுண்டரில் கொடுங்கள். சில மாதங்கள் கழித்து, சிகிச்சை கொடுத்த கட்டி பெரிதானது போல் படத்தில் தெரியலாம். அது நோய் வளர்வதாகவும் இருக்கலாம், கதிரின் விளைவாக வரும் வீக்கமாகவோ திசு இறப்பாகவோ இருக்கலாம். திசு இறப்புப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில் தெரியவரும். அதற்கு வைத்தியமும் வேறு. ரேடியேஷன் கொடுத்தது தெரியாத ரேடியோலொஜிஸ்ட் "வளர்ந்திருக்கிறது" என்று எழுதிவிட, குடும்பம் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு கிளினிக்குக்கே போகாமல் இருந்ததும் நடந்திருக்கிறது. ரிப்போர்ட்டை பஸ்ஸில் பிரித்து வாசிக்காமல் இருக்க முடியாது, தெரியும். வாசித்தாலும் முடிவை ஒன்கொலஜிஸ்ட் படத்தைப் பார்த்த பிறகு எடுங்கள்.

ஒவ்வொரு கிளினிக்கிலிருந்தும் கிளம்புமுன் அடுத்த எம்.ஆர்.ஐ.க்கான துண்டையும், அதற்கு முதல் செய்ய வேண்டிய கிரியாட்டினின் துண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஒன்றை வாங்கி மற்றதை மறந்தால், ஸ்கேன் கவுண்டரில் இருந்து இரத்தப் பரிசோதனைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.